அறுபத்திநாலாம் எண்

காலையில் அறுபத்திமூன்று பேர். சாயங்காலம் அதே அறுபத்திமூன்று பேர். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து அறைக்குப் பின்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போனைச் சார்ஜரில் செருகியபடியே சௌமினி கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். காய்ச்சல் இருக்கா? தலைவலி? இருமல்? மூச்சு வாங்குதா? சாப்பிட்டீங்களா? கடைசிக் கேள்வி படிவத்தில் கிடையாது. மூன்றாம் நாள் எப்படியோ வாயில் வந்து ஒட்டிக்கொண்டது, அப்படியே நின்றுவிட்டது.

சிலர் ஒழுங்காகப் பதில் சொல்வார்கள். சிலர், "நல்லாத்தான் இருக்கேன், நீ போன் பண்ணிப் பண்ணித்தான் எனக்கு வியாதி வரப்போகுது" என்று திட்டுவார்கள். முப்பத்தெட்டாம் எண்ணில் இருந்த ஜீப் டிரைவர் எப்போதும் போனை எடுத்துக் காறித் துப்பிவிட்டு வைப்பான். காறித் துப்ப மூச்சிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, 'அறிகுறி இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போவாள்.

முண்டக்கண்டி ஊர்ச் சுகுணன் செத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பாக்கு மரம் ஏறுகிறவன், முப்பத்தெட்டு வயது. திங்கட்கிழமை உடம்பு வலி என்றான், வியாழக்கிழமை மெடிக்கல் காலேஜில் சேர்த்தார்கள், ஞாயிற்றுக்கிழமை போய்விட்டான். நிபா என்று முடிவு வந்த அன்றைக்கு ஊர்க் கடைத்தெருவில் காலை பத்து மணிக்கெல்லாம் ஷட்டர் இறங்கிவிட்டது. அவன் பக்கத்தில் இருந்தவர்கள்தான் அந்த அறுபத்திமூன்று பேர். அவனுக்கு எங்கிருந்து தொற்றியது என்று யாருக்கும் தெரியவில்லை. வவ்வால் கடித்த பழம், கிணற்றுத் தண்ணீர் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பெரிய டாக்டர்கள் மட்டும், தெரியவில்லை என்று சொன்னார்கள். அதுதான் ஜனங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

சௌமினிக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருஷமாக அந்த ஊர்க் குழந்தைகளுக்கு ஊசி போட்டவள். இப்போது அவள் ஏறினால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து முன்னால் போய் நின்றுகொள்வாள். கண்டக்டர் சில்லறையை அவள் கையில் வைக்காமல் சீட்டின் மேல் போடுவான். அவள் கணவன் பவித்ரனுக்கு ஆட்டோ. ஸ்டாண்டில் மற்றவர்கள், "பவி, நீ கொஞ்ச நாளைக்கு வரிசையில நிக்க வேண்டாம், அந்த ஆலமரத்தடியில போட்டுக்கோ" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள். ஆலமரத்தடிக்கு யாரும் சவாரி கேட்டு வருவதில்லை.

வியாழக்கிழமை ராத்திரி அவள் குளித்துவிட்டு வந்தபோது மேஜையில் அவளுக்கு வேறு தட்டு இருந்தது. விருந்தாளி வந்தால் எடுக்கும் பீங்கான் தட்டு. அவனுக்கு வழக்கமான எவர்சில்வர்.

"என்ன பவியேட்டா, எனக்கு இன்னைக்கும் விருந்தா?"

"அது... அந்தத் தட்டு கழுவல."

"ரெண்டு நாளாக் கழுவலையா?"

பவித்ரன் மீன்குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தான். "எனக்கொண்ணும் பயமில்ல" என்றான். "நீ தினம் சுகுணன் வீட்டு வாசல் வரைக்கும் போறே. நான் ஏதாவது சொன்னேனா?"

"சொல்லல."

"பயமாத்தான் இருக்கு, சௌமினி."

"எனக்கும்தான்" என்றாள் அவள். அந்தப் பீங்கான் தட்டிலேயே சாப்பிட்டு எழுந்தாள். கோபப்படத் தெம்பில்லை. யோசித்துப் பார்த்தால் அவன் செய்ததில் தப்பும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை முக்கில் இறங்கியபோது கணாரனின் சாயாக்கடை முன்னால் கூட்டம். முப்பது பேர் இருப்பார்கள். யுவதாரா கிளப்புப் பையன்கள் துணியால் வாயை மூடிக் கட்டியிருந்தார்கள், பெரியவர்கள் முகக்கவசத்தைத் தாடையில் இறக்கிவிட்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் நடுவில் கணாரன் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது, பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல். ஊரில் கட்சி ஊர்வலமானாலும் கோயில் உற்சவமானாலும் கோஷம் போட முதலில் தேடுவது அவரைத்தான்.

"வாங்க சிஸ்டரே! சரியான நேரத்துக்கு வந்தீங்க. ரெண்டே ரெண்டு விஷயம். ஒண்ணு, ஸ்கூலுக்குப் பின்னாடி இருக்கிற அந்த மருத மரம். ரெண்டாயிரம் வவ்வால் தொங்குது. ஞாயித்துக்கிழமை நம்ம பசங்க வெடி போட்டு விரட்டிட்டு, மரத்தை அடியோட வெட்டப் போறாங்க. ரெண்டு, அந்தச் சுகுணன் பொண்டாட்டி ஷிம்னாவும் பொண்ணும். அவங்களை இங்கிருந்து வேற எங்கயாவது கொண்டுபோய் வைங்க. அரசாங்கத்துக்கு இடமா இல்ல?"

"வவ்வாலை விரட்டினா அது எங்க போகும், கணாரேட்டா?"

"எங்கயாவது போகட்டும்."

"எங்கயாவதுன்னா உங்க கொய்யா மரத்துக்கு, இவங்க வாழைத்தோப்புக்கு, உங்க கிணத்தடிக்கு. இப்ப ஒரே மரத்துல இருக்கு. நாம அந்த மரத்தடிக்குப் போகாம இருந்தா முடிஞ்சுது. வெடி போட்டா மிரண்டு ஊர் முழுக்கப் பரவும். மிரண்ட வவ்வால் மூத்திரம் வழியா கிருமியை அதிகமா வெளியேத்தும்னும் சொல்றாங்க. அப்புறம் எந்த மரத்தைத்தான் வெட்டுவீங்க?"

"அப்ப கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா?" என்றான் கிளப்புச் செயலாளர் ஜிஜேஷ்.

பையன் கேட்டது நியாயமான கேள்வி. ஐந்து நாளாக அரசாங்கம் அவர்களிடம் சொன்னதெல்லாம் 'பயப்படாதீர்கள்' என்பதுதான். பயப்படாமல் வேறென்ன செய்வது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"ஷிம்னாவை எங்கயும் அனுப்ப முடியாது" என்றாள். "அவளுக்குக் காய்ச்சல் இல்ல. காய்ச்சல் இல்லாதவங்ககிட்டேருந்து ஒட்டாது. அவ வீட்டுக்குள்ளயே இருக்கா, உங்க யாரையும் தொடல. நீங்கதான் வழியில கயிறு கட்டியிருக்கீங்க."

கூட்டத்திலிருந்து கிணறு, மாங்காய், ஆட்டுப்பால், ஸ்கூல் என்று கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். கடைசியாகக் கணாரன் குரலைக் கொஞ்சம் இறக்கி, "சிஸ்டரே, சும்மா பொதுவாக் கேக்குறேன்" என்றார். "ஒருத்தன் இன்னொருத்தன் குடிச்ச கிளாஸ்லயே குடிச்சான்னு வைங்க. அவனுக்கு எத்தனை நாள்ல தெரியும்? பதினோரு நாள் தாண்டிட்டா தப்பிச்சானா?"

"இருபத்தொரு நாள் பாக்கணும்."

"இருபத்தொண்ணா!" என்றார் கணாரன். உடனே பழைய குரல் திரும்பிவிட்டது. "பாத்தீங்களா, இருபத்தொரு நாளைக்கு அந்தப் பொம்பளை இங்கேயே இருக்கப் போறா! நாமெல்லாம் சாக வேண்டியதுதான்!"

ஷிம்னாவின் வீட்டுக்குப் போகும் சந்தின் வாயில் தென்னங்கயிறு குறுக்கே கட்டி அதில் ஒரு சிவப்புத் துணி தொங்கியது. சௌமினி கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். ஆஷா சுகாதார ஊழியர் ரஹ்மத் வாங்கி வைத்துவிட்டுப் போன அரிசியும் பப்படமும் படிக்கட்டில் இருந்தன. ஷிம்னா உள்ளே கதவோரம் நின்றாள். அவள் இடுப்பை ஒட்டி ஏழு வயது தீர்த்தா. சௌமினி முற்றத்தில், நான்கு முழம் தள்ளி நின்றாள்.

"ரெண்டு பேருக்கும் உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கோம் சேச்சி. அழுதழுது எனக்குத்தான் தலைவலி. அதையும் எழுதிக்கணுமா?"

"அது வேண்டாம்."

"அவரை எரிக்கும்போது பக்கத்துல விடல. போன்ல காட்டினாங்க. ஒரு வெள்ளைப் பொட்டலம். அது அவர்தானான்னு எனக்குத் தெரியாது சேச்சி. நீங்க சொல்றதை நம்பிக்கிட்டு இருக்கேன்."

சௌமினி தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம், கேட்க மனமில்லாமல் கேட்டாள்.

"ஷிம்னா, அந்தத் திங்கட்கிழமையை இன்னொரு தடவை சொல்லேன். ஆறு மணிக்கு வேலையை விட்டு இறங்கினார். எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தார். நடுவுல ரெண்டு மணி நேரம். என் லிஸ்ட்ல அந்த ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆள்கூட இல்ல."

"கள்ளு வாடை அடிச்சுது. வந்ததும் உடம்பு வலிக்குதுன்னு படுத்துட்டார். யார்கூடக் குடிச்சீங்கன்னு கேட்டேன். ஒரு பெரிய மனுஷன்கூட, நீ கத்தாதேன்னார். அவ்வளவுதான்."

திரும்பி நடக்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. மற்றவர்கள் மரத்தையும் கிணற்றையும் பழத்தையும்பற்றிக் கேட்டார்கள். கிளாஸைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அன்றைக்குச் சரியாகப் பதினோரு நாள். கயிறருகே நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள், மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்னும் ஒரு வேலை கூடிற்று என்றுதான் தோன்றியது.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கணாரன் கடை சாத்தியிருந்தது. கடையை ஒட்டிய அவர் வீட்டின் பின்பக்கமாகப் போனாள். விறகுக் கொட்டகையில் கயிற்றுக் கட்டில், ஒரு தலையணை, தண்ணீர்க் கூஜா, தனியாக ஒரு கிளாஸ். கணாரன் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கயா படுக்கிறீங்க?"

"வீட்டுக்குள்ள ஒரே புழுக்கம்."

"எத்தனை நாளா புழுக்கம், கணாரேட்டா? அஞ்சு நாளாவா?"

கணாரன் எழுந்து நின்றார், கத்தப் போகிறார் என்று நினைத்தாள். ஆனால் மெல்ல, "யார்கிட்ட சொன்னே?" என்றார்.

"யார்கிட்டயும் சொல்லல."

"ஒரே கிளாஸ்தான் இருந்துது. அவன் ஒரு வாய், நான் ஒரு வாய். என்னடா உடம்பு கொதிக்குதுன்னுகூடக் கேட்டேன். வெயில்ல மரம் ஏறினேன் ஏட்டான்னான்." கையால் வாயைத் துடைத்துக்கொண்டார், பதினோரு நாள் கழித்தும் அந்தக் கள் அங்கே ஒட்டியிருப்பது மாதிரி. "அவனுக்கு அந்த வியாதின்னு தெரிஞ்ச அன்னைலருந்து நான் தூங்கல. பொண்டாட்டிகிட்டயும் சொல்லல. மகள்கிட்டயும் சொல்லல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"உன்கிட்டச் சொன்னா உன் லிஸ்ட்ல வரும். உன் லிஸ்ட் ஊர் போன்லயெல்லாம் வரும். முந்தாநாள் வரலையா? பேர், வீட்டு நம்பர், எல்லாம் படம் பிடிச்சு அனுப்பியிருந்தானே எவனோ. என் ஷிஜிக்கு அடுத்த மாசம் நிச்சயம் வச்சிருக்கோம். வடகரை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அந்தப் படத்தைப் பாத்தா இந்தப் பக்கம் எட்டிப் பாப்பாங்களா?"

பட்டியல் வெளியே போனது உண்மை. யார் படம் பிடித்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் ஜீப் டிரைவர் துப்ப ஆரம்பித்தான்.

"அதான் ஷிம்னாவைத் துரத்தணும்னு அவ்வளவு சத்தமா?"

கணாரன் தரையில் கிடந்த விறகுச் சிராயைக் காலால் தள்ளினார்.

"உங்களை லிஸ்ட்ல போட்டே ஆகணும்" என்றாள். "ஆனா பேர் எழுத மாட்டேன். அறுபத்திநாலாம் எண், அவ்வளவுதான். உங்க பேர் டாக்டருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கூப்பிடுவேன். உடம்பு சூடு எவ்வளவுன்னு பொய் சொல்லாம சொல்லணும். இன்னும் பத்து நாள். கடையை மூடிட்டு வீட்டோட இருக்கணும்."

"இதுவரைக்கும் சாயா குடிச்சவங்க?"

"உங்களுக்குக் காய்ச்சல் வரலைல்ல? வந்தாத்தான் ஒட்டும். இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"கடையை மூடினா காரணம் கேப்பாங்களே. முப்பது வருஷத்துல என் அப்பன் செத்த அன்னைக்குத்தான் மூடினேன்."

"இடுப்பு வலின்னு சொல்லுங்க."

"எனக்கா? இடுப்பு வலியா?" என்று கணாரன் அவமானப்பட்டவர் மாதிரி கேட்டார். பிறகு ஏதோ கணக்குப் போட்டவராய், "சரி, சத்தத்தையும் நிறுத்திடறேன்" என்றார்.

"அதை நிறுத்தாதீங்க. திடீர்னு கணாரன் வாயை மூடினா எல்லாருக்கும் சந்தேகம் வந்துடும். வேற ஒண்ணுக்குக் கத்துங்க. ஜிஜேஷுக்குப் போன் பண்ணி, வெடி வேண்டாம், ஊர்க் கிணத்துக்கெல்லாம் வலை போடலாம்னு சொல்லுங்க. உங்க குரலுக்குக் கேப்பாங்க. என் குரலுக்கு யாரும் கேக்கறதில்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மருத மரத்துக்கு முன்னால் நாற்பது பையன்கள். கையில் வெடிச்சரம், தகரம், கோடாலி. எதிர்ப்பக்கத்தில் சௌமினியும் ரஹ்மத்தும் மட்டும். ரஹ்மத்தின் மாமன்மார் கடற்கரையில் இருந்தார்கள். கிழிந்துபோன மீன்வலைகளை ஒரு குட்டி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். மீன்வாடை பள்ளிக்கூடத்தையே தூக்கியது.

"இந்த ஊர்ல நூத்தி நாப்பது கிணறு இருக்கு" என்றாள் சௌமினி. மைக் இல்லை, கத்தவும் தெம்பில்லை. அதனால் பையன்கள் கிட்டே வந்து கேட்க வேண்டியிருந்தது. "பயப்படாதீங்கன்னு சொல்ல நான் வரல. பயந்தா பயந்துக்குங்க, நானும் பயந்துதான் இருக்கேன். ஆனா இந்த மரத்துக்கு வெடி போட்டா நம்ம பயம் போகாது, வவ்வால்தான் போகும். நம்ம வீட்டுக்கே போகும். கிணத்துக்கு வலை கட்டினா வவ்வால் கடிச்ச பழம் உள்ள விழாது. கீழே கிடக்கிற பழத்தைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைச்சா குழந்தைங்க எடுத்துத் தின்னாது. இதுல ஒண்ணைச் செய்யுங்க, மரத்தைத் தொடாதீங்க. கையுறை அந்தப் பெட்டியில இருக்கு."

"கணாரேட்டனும் போன்ல இதையேதான் கத்தினார்" என்றான் ஜிஜேஷ் தயக்கத்துடன். "கட்டில்ல படுத்துக்கிட்டே அரை மணி நேரம் கத்தினார். இடுப்புல வலியா, தொண்டையில வலியான்னே தெரியல."

பாதிப் பேர் வலையைத் தூக்கினார்கள். மீதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் யாரோ ஒருவன், கொண்டுவந்தது வீணாகக் கூடாது என்றோ என்னவோ, ஒரு சரத்தைப் பற்றவைத்து எறிந்துவிட்டான். மரம் முழுவதும் கறுப்பாக எழுந்து, கீச்சிட்டு, பள்ளிக்கூடக் கூரைமேல் ஒரு சுற்றுச் சுற்றியது. பெரும்பாலானவை திரும்பி வந்து தொங்கிவிட்டன. ஒரு நூறு இருநூறு கிழக்கே பறந்துபோய்விட்டன. பத்தே நிமிஷத்தில் கிழக்கு வார்டு மெம்பர் போனில் சௌமினியைத் திட்ட ஆரம்பித்தார், உங்க வவ்வாலை எங்க ஊருக்கு அனுப்புறீங்களா என்று. அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "உங்க வார்டுல எத்தனை கிணறு மெம்பரே? அதுக்கும் வலை கேட்டுப் பாக்குறேன்" என்றாள்.

சாயங்காலம் வரைக்கும் எழுபத்தெட்டுக் கிணறுகளுக்கு வலை கட்டினார்கள். மீதி அறுபத்திரண்டுக்கு வலை பற்றவில்லை, ஆளும் பற்றவில்லை. இரண்டு வீட்டில் மீன்வாடை அடிக்கும் வலை வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்கள். ஷிம்னாவின் கிணற்றுக்கு யாரும் போகவில்லை. சௌமினியும் ரஹ்மத்தும் இருட்டுமுன் போய்க் கட்டிவிட்டு வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அறுபத்திநாலாம் எண்ணைக் கூப்பிட்டாள்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"சூடு பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒண்ணுமில்ல."

மூன்றே வார்த்தைகள். கணாரன் இத்தனை வருஷத்தில் எதற்கும் மூன்று வார்த்தையில் பதில் சொன்னதில்லை.

"சாப்பிட்டீங்களா?"

"குளுருது சௌமினி" என்றார் கணாரன். "நேத்து ராத்திரியிலருந்து."

நாற்காலியில் இருந்து எழுந்திருக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த ஒரு நிமிஷம், போகாமல் இருக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று உண்மையாகவே யோசித்தாள். பிறகு டாக்டரிடம் சொல்லிவிட்டு, பாதுகாப்பு உடைப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அதற்கென்று இருந்த ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். வேறு வண்டியில் ஏற்ற முடியாது. அந்த நாற்பது நிமிஷமும் அவள் வெள்ளை உடையில், உள்ளே வியர்வை ஓட, விறகுக் கொட்டகை வாசலில் நின்றாள். கணாரன் கட்டிலில் போர்வையோடு நடுங்கிக்கொண்டு கிடந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. கெண்டைக்கால் பிய்கிறது என்று முனகினார்.

"பேர் வெளிய வராதுன்னு வாக்குக் குடுத்தே."

"என் வாய்லேருந்து வராதுன்னுதான் குடுத்தேன், கணாரேட்டா. ஆம்புலன்ஸை ஒளிச்சு வைக்க என்னால முடியாது."

அதற்குள் வேலியோரம் ஆள் சேர்ந்துவிட்டது. முதலில் ஐந்தாறு பேர், அப்புறம் ஐம்பது பேர். வெள்ளை உடையைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. கணாரனின் மனைவியும் ஷிஜியும் திகைத்துப்போய் வீட்டு வாசலில் நின்று அழுதார்கள்.

"அந்த ஆள் கையால நாங்க சாயா குடிச்சோமே!" என்று ஒருவர் அலறினார். "தினம் மூணு சாயா!"

"இடுப்பு வலின்னு ஊரையே ஏமாத்திட்டான்!"

"சிஸ்டருக்குத் தெரியும்" என்றான் ஜிஜேஷ். அவன் முகம் வெளுத்திருந்தது. "தெரிஞ்சுதானே இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க? தெரிஞ்சுக்கிட்டே எங்ககிட்டச் சொல்லல, இல்லியா?"

"தெரியும்" என்றாள் சௌமினி.

வேலியோரம் எல்லாரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். யாரோ ஒரு தேங்காய் மட்டையை எறிந்தார்கள், அது கொட்டகைக் கூரையில் விழுந்து உருண்டது. அவள் காத்திருந்தாள். கத்தி ஓய்வதற்கு எப்படியும் நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும், ஆம்புலன்ஸுக்கும் நேரம் இருந்தது.

"வெள்ளிக்கிழமையிலருந்து தினம் ரெண்டு வேளை இவர் உடம்புச் சூட்டை எழுதி வச்சிருக்கேன்" என்றாள், சத்தம் அடங்கியபோது. "நேத்து சாயங்காலம் வரைக்கும் காய்ச்சல் இல்ல. அவர் சாயா போட்டதெல்லாம் அதுக்கு முன்னாடி. அதனால அந்தச் சாயாவால உங்களுக்கு ஒண்ணும் வராது. இதை நான் ஊகமாச் சொல்லல, எழுதி வச்சதைச் சொல்றேன். இவர் பேரை உங்ககிட்டச் சொல்லியிருந்தா, இன்னைக்குக் காலைல குளுருதுன்னு என்கிட்டச் சொல்லியிருப்பாரா? உள்ளயே கிடந்திருப்பார். அவர் சம்சாரமும் மகளும் பக்கத்துல உக்காந்து பத்துப் போட்டிருப்பாங்க. நீங்க போய்ப் பாத்திருப்பீங்க. அப்புறம் எத்தனை ஆம்புலன்ஸ் வரணும்?"

எறிய எடுத்த இன்னொரு மட்டையை யாரோ கீழே போட்டார்கள்.

"போன வாரம் லிஸ்ட் வெளிய வந்துது. அது எங்க தப்பு. எங்கள்ல யாரோ செஞ்ச தப்பு. நீங்க என்னை நம்பலைன்னா அதுல ஆச்சரியம் இல்ல. ஆனா இவர் பேர் இன்னைக்கு வரைக்கும் வெளிய வந்துதா?"

ஆம்புலன்ஸ் வந்தது. கணாரனை ஏற்றினார்கள். கதவைச் சாத்துமுன் அவர் வேலிப் பக்கம் கையைத் தூக்கப் பார்த்தார், கோஷம் போடும்போது தூக்குவது மாதிரி. பாதிதான் தூக்க முடிந்தது.

உடையைக் கழற்றிப் பையில் கட்டி, சோப்பு போட்டுக் கழுவி, அவள் வெளியே வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. முக்குக்கு அருகே ஜிஜேஷ் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளியே நின்றபடி பேசினான்.

"சேச்சி, சுகுணேட்டனை ஜீப்ல ஏத்தும்போது அவர் வாந்தி எடுத்தார். நான்தான் தாங்கிப் பிடிச்சேன். சட்டையெல்லாம் பட்டுது. யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குக்கூட."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல. தினம் பாக்குறேன்."

"அறுபத்தஞ்சு" என்றாள் அவள். "சாயங்காலம் கூப்பிடுறேன்."

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு பேர் தாங்களாகவே போன் செய்தார்கள். அதில் ஒருத்தி ஆஸ்பத்திரியில் சுகுணனுக்கு அடுத்த கட்டில்காரருக்குத் துணைக்கு இருந்தவள். இன்னொருவர் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். பட்டியல் அறுபத்தொன்பது ஆயிற்று. சௌமினி கூப்பிட வேண்டிய ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். இது நல்ல விஷயம்தான் என்று டாக்டர் சொன்னார். அவளுக்கும் அது தெரியும், தெரிந்தும் போனை எடுக்கக் கை கனத்தது.

மறுநாள் மத்தியானம் முடிவு வந்தது. நிபா இல்லை. எலிக்காய்ச்சல். விறகுக் கொட்டகையில் எலி ஓடும் தரையில், காலில் வெடிப்போடு நாட்கணக்கில் வெறுங்காலுடன் நடந்ததில் வந்தது என்று டாக்டர் சொன்னார். இன்னும் இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும், அப்புறம் ஆளும் போயிருப்பார். கணாரன் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நடுவில் இரண்டு நாள் மோசமாகத்தான் இருந்தது. பிறகு தேறினார்.

"வவ்வாலுக்குப் பயந்து ஒளிஞ்சான், எலி பிடிச்சுக்கிச்சு" என்று முக்கில் சிரித்தார்கள். எல்லாரும் நம்பிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அரசாங்கம் மறைக்கிறது, எலி கிலி எல்லாம் சும்மா என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். வடகரைக்காரர்கள் நிச்சயத்தைத் தள்ளி வைத்தார்கள். மாப்பிள்ளை மட்டும் ஷிஜிக்குப் போன் செய்து, அப்பா எப்படி இருக்கார் என்று கேட்டானாம். கணாரன் வீடு திரும்பியதும் அதையே பத்துப் பேரிடம் சொன்னார். கடையை மறுபடி திறந்த அன்று கூட்டம் பாதிதான் வந்தது. ஷிம்னாவைப் பற்றி அவர் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டதாகவும் யாரும் கேள்விப்படவில்லை. சந்தின் வாயில் இருந்த கயிறு மட்டும் ஒரு நாள் காலையில் அங்கே இல்லை. அவர் அவிழ்த்தாரா, ஜிஜேஷ் அவிழ்த்தானா என்று சௌமினி விசாரிக்கவில்லை.

ஷிம்னாவுக்கு இருபத்தொரு நாள் முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சௌமினி நேரிலேயே போய் வாசற்படியில் உட்கார்ந்தாள். தீர்த்தா ஓடிவந்து அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. இத்தனை நாளாக அந்தக் குழந்தையை அம்மாவைத் தவிர யாரும் தொட்டதில்லை.

"இனி நீங்க எங்க வேணும்னாலும் போகலாம். ஸ்கூலுக்கு அனுப்பலாம். எதுக்கும் டீச்சர்கிட்ட நான் பேசிட்டேன்."

"நாளைக்குக் கூப்பிட மாட்டீங்களா சேச்சி?" என்றாள் ஷிம்னா.

"வேண்டியதில்லையே."

"இல்ல. தினம் ரெண்டு தடவை சாப்பிட்டியான்னு கேக்க நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க."

இன்னும் பட்டியலில் ஆறு பேர் மிச்சம் இருந்தார்கள். அவர்களுக்கும் முடிந்துவிட்டால் ஒரு வாரம் போனையே தொடக் கூடாது என்று சௌமினி நினைத்துக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா" என்றாள். "பவியேட்டன் ஆட்டோ அனுப்புறேன். அவருக்கும் சவாரி இல்லாம போரடிக்குது." ஷிம்னா தலையாட்டினாள். வருவாளா மாட்டாளா என்று அதில் தெரியவில்லை. குழந்தை தூங்கிவிட்டதால் சௌமினி இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு அடுத்த புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள். வழக்கமாக நாற்பது பேர் வருவார்கள். அன்றைக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். அதிலும் நான்கு பேர் வராந்தாவுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். முதல் குழந்தையைக் கொடுக்க வந்த பெண் கையை நீட்டிவிட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சிஸ்டரே, தப்பா நினைக்காதீங்க. நீங்க அந்த வீட்டுக்கெல்லாம் போனீங்கல்ல. உங்ககிட்டேருந்து குழந்தைக்கு ஏதும்..."

"கேட்டது நல்லதுதான்" என்றாள் சௌமினி. "எனக்கும் தினம் சூடு பாத்தேன். இருபத்தொரு நாளும் ஆயிடுச்சு. ஒண்ணும் இல்ல. இருங்க, உங்க கண்ணு முன்னாடியே கழுவுறேன்."

குழாயைத் திறந்து, சோப்பைத் தேய்த்து, விரல் இடுக்குகளில் நுரை வர நிதானமாகக் கழுவினாள். வெளியே வெயிலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வராந்தாவுக்கு ஏறி வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள் குளிர்ப்பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்தாள்.